டாக்டர் ஹூ: அடுத்து வரும் புத்தகங்களில் எதை எடுப்பது?

டாக்டர் ஹூ என்பது காலத்திலும் விண்வெளியிலும் பயணிக்கும் டாக்டர் என்ற வேற்றுக்கிரகவாசியைப் பற்றிய பிபிசி தொடர். நடிகர் மாறும்போது டாக்டரும் உருமாறுவார், அதனால்தான் மூன்றாம் டாக்டர், ஏழாம் டாக்டர் என்று எண்ணுவார்கள். அதன் புத்தகங்களைப் பற்றி வந்த கேள்வி இதுதான்: "டாக்டர் ஹூ கடைசியாக 2025 மே 31 அன்று ஒளிபரப்பானது. அந்த அக்டோபரில், டிஸ்னி பிளஸுடனான கூட்டு முடிந்துவிட்டது, 2026 கிறிஸ்துமஸுக்கு ஒரு சிறப்புப் பாகம் வரும் என்று பிபிசி அறிவித்தது. தொடர் இப்படி இருக்க, புத்தகங்களுக்கான முன்பதிவு அறிவிப்புகள் மட்டும் வந்துகொண்டே இருக்கின்றன. திரையில் பார்த்த கதையை எதற்குப் புத்தகமாகவும் வாங்க வேண்டும்? புதிய கதை என்றால் அது தொடரில் சேருமா? எதை எடுப்பது, எதை விடுவது?"

சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். அட்டையில் எந்த டாக்டரின் முகம் இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். எழுதியவர் யார், புத்தகம் எந்த வகை என்ற இரண்டையும் பாருங்கள். தொடர் நின்றிருக்கும் காலத்தில் வரும் புத்தகங்களைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். 1989இல் நின்ற தொடர் 2005இல் திரும்பி வந்த பிறகு திரையில் நாம் கொண்டாடிய பல விஷயங்கள், தொடர் இல்லாத ஆண்டுகளில் காகிதத்தில் பிறந்தவை. இனி விரிவாக.

வகை என்று நான் சொல்வது முக்கியமாக இரண்டு. ஒளிபரப்பான கதையை நாவலாக எழுதுவது ஒன்று. இதை நாவலாக்கம் என்போம். திரையில் வராத புதுக் கதையை எழுதுவது இன்னொன்று. சிறுவர் புத்தகங்கள், ஆண்டு மலர்கள், தகவல் நூல்கள், சமையல் குறிப்புகள் எல்லாமும் வருகின்றன. பரிசு கொடுக்க அவை நல்லவை. உங்கள் கேள்வி கதைகளைப் பற்றியது என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நாவலாக்கம் ஏன் தோன்றியது என்று தெரிந்தால், இன்று எது நல்ல நாவலாக்கம் என்பதும் தெரிந்துவிடும். தொடர் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1964 நவம்பரில், ஃபிரெடரிக் முல்லர் என்ற பதிப்பகம் டாலெக் என்ற எதிரி இனம் வரும் முதல் கதையை நாவலாக வெளியிட்டது. எழுதியவர் டேவிட் விட்டேக்கர். தொடரின் முதல் கதைத் தொகுப்பாளர். கதைக்குள் இருந்த மனிதர் என்பதால் துணிந்து மாற்றினார். திரையில் இயனும் பார்பராவும் ஒரே பள்ளியின் ஆசிரியர்கள். மாணவி சூசனைப் பின்தொடர்ந்து போய் டாக்டரின் காலப்பயண ஊர்தியான டார்டிஸுக்குள் நுழைகிறார்கள். நாவலில் இயன்தான் கதைசொல்லி. பனிமூட்டத்தில் பார்ன்ஸ் காமன் என்ற இடத்தில் நடக்கும் கார் விபத்தில் பார்பராவைச் சந்திக்கிறான். முந்தைய கதையைப் படிக்காத வாசகருக்கு இந்தத் தொடக்கமே போதும். முதல் நாவலாக்கத்திலேயே இது நடந்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். திரைக்கதையை அப்படியே படியெடுப்பது தொடக்கத்திலிருந்தே இந்தப் புத்தகங்களின் வேலையாக இருக்கவில்லை.

அந்தக் காலத்தில் ஒளிபரப்பைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான். வீட்டில் பதிவு செய்ய வழி கிடையாது. பிபிசியும் அறுபதுகளின் ஒளிநாடாக்களை அழித்து மறுபயன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டது. 2013இல் நைஜீரியாவில் ஒன்பது பாகங்கள் கிடைத்ததாக அறிவித்தபோது ரசிகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். அதற்குப் பிறகும் 97 பாகங்கள் கணக்கில் விடுபட்டிருந்தன. அந்தக் கதைகளின் ஒலிப்பதிவுகள் ரசிகர்களின் தயவால் பிழைத்திருக்கின்றன. ஆனால் எழுபதுகளில் வளர்ந்த ஒரு பிரிட்டிஷ் சிறுவனுக்கு அவை எதுவும் எட்டவில்லை. அவனுக்கு எட்டியது டார்கெட் புத்தகங்கள்.

டார்கெட் என்ற பதிப்பு வரிசை 1973இல் தொடங்கியது. அறுபதுகளில் வந்த மூன்று நாவல்களை மறுபதிப்பு செய்து, விற்பனையைப் பார்த்துவிட்டு, 1974 முதல் புதிதாக எழுதவைத்தது. அதில் மலைபோல நிற்பவர் டெரன்ஸ் டிக்ஸ். மூன்றாம் டாக்டர் காலத்துக் கதைத் தொகுப்பாளர். டார்கெட்டுக்கு அவர் எழுதியவை அறுபதுக்கும் மேல். எளிய வாக்கியங்கள், விறுவிறுப்பு, பெரும்பாலும் 128 பக்கத்துக்குள் கதை முடிந்துவிடும். இந்தப் புத்தகங்களால்தான் படிக்கும் பழக்கமே வந்தது என்று சொல்லும் ஒரு தலைமுறை பிரிட்டனில் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகளில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

டிக்ஸைவிட எனக்குப் பெரியவராகத் தெரிபவர் மால்கம் ஹல்க். அவருடைய "கேவ் மான்ஸ்டர்ஸ்" 1974இல் வந்தது. மனிதர்களுக்கு முன்பே பூமியை ஆண்ட பல்லியினம் நிலத்தடியில் விழித்தெழும் கதை. திரையில் அவை முகமூடி போட்ட உயிரினங்கள். ஒன்றுக்கும் பெயர் கிடையாது. ஹல்க் அவற்றுக்குப் பெயர் கொடுத்தார். தங்களுக்குள் விவாதிக்கவைத்தார். குரங்குகள் என்று அவை நினைத்த இனம் தங்கள் உலகத்தை எடுத்துக்கொண்டிருப்பதை அவற்றின் கண்ணாலேயே காட்டினார். படித்து முடிக்கும்போது நியாயம் யார் பக்கம் என்று குழம்பிப்போவோம். அன்றைய செலவுத் திட்டத்தில் கேமராவால் அந்த முகமூடிக்குள் போக முடியவில்லை. எழுத்து போனது. நாவலாக்கம் என்ற வகைக்கு வேறு நியாயமே தேவையில்லை என்பேன்.

பிறகு வீடியோ கேசட் வந்தது, டிவிடி வந்தது. தவறவிட்டதைப் பிடிக்கப் புத்தகம் தேவைப்படாமல் போனது. அப்படியும் 2018இல் பிபிசி புக்ஸ் டார்கெட் பெயரை மறுபடி எடுத்து, 2005க்குப் பிந்தைய கதைகளை நாவலாக்கத் தொடங்கியது. யாரிடம் கொடுத்தார்கள் என்று பாருங்கள். "ரோஸ்" 2005இல் தொடரை மீட்டெடுத்த ரஸ்ஸல் டி டேவிஸிடம். "டே ஆஃப் தி டாக்டர்" அவருக்குப் பிறகு தொடரை நடத்திய ஸ்டீவன் மொஃபட்டிடம். தங்கள் திரைக்கதையைத் தாங்களே நாவலாக்கினார்கள். "ரோஸ்" பாகத்தில் வில்சன் என்ற மின்பணியாளரின் பெயர் மட்டும் வரும். ஆள் இறந்துவிட்டார் என்று டாக்டர் சொல்வார், அவ்வளவுதான். நாவல் அந்த வில்சனிடமிருந்துதான் தொடங்குகிறது. அவர் யார், அன்று மாலை அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் என்ன செய்துகொண்டிருந்தார், நாயகி ரோஸ் கொண்டுபோகும் லாட்டரிப் பணத்துக்கும் அவருக்கும் என்ன கணக்கு என்று. மொஃபட் அத்தியாய எண்களையே கலைத்துப் போட்டுக் காலப்பயணக் கதையை எழுதினார். 2021இல் ராபர்ட் ஷியர்மன் தன் "டாலெக்" கதையை நாவலாக்கியபோது, திரையில் வந்த வேகத்தில் செத்துப்போகும் துணைப் பாத்திரங்களுக்கு வாழ்க்கை கொடுத்தார். அந்தச் சாவுகள் இப்போது வலிக்கின்றன. பிக் ஃபினிஷ் நிறுவனத்துக்காக 2003இல் அவரே எழுதிய "ஜூபிலி" என்ற ஒலிநாடகத்திலிருந்து 2005 பாகம் வந்தது. அதிலிருந்து இந்த நாவல். மூன்றாம் முறையும் அந்தக் கதையில் புதிதாகச் சொல்ல அவருக்கு விஷயம் இருந்தது.

ஆக, நாவலாக்கம் ஒன்றை அறிவித்தால் நான் முதலில் பார்ப்பது: எழுதுபவர் அந்தக் கதையின் திரைக்கதை ஆசிரியரா? ஆம் என்றால் யோசிக்காமல் எடுக்கலாம். 2024இல் "ரோக்" பாகத்தை கேட் ஹெரன், பிரையனி ரெட்மன் இருவரும் தாங்களே நாவலாக்கினார்கள். இல்லை என்றால், எழுதுபவருக்குச் சொந்தமாக ஓர் எழுத்துலகம் இருக்கிறதா என்று பார்ப்பேன். "ஸ்பேஸ் பேபீஸ்" என்ற குழந்தைத்தனமான பாகத்தைத் திகில் நாவலாசிரியர் அலிசன் ரம்ஃபிட்டிடம் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட தேர்வுதான் எனக்கு ஆர்வத்தைக் கிளப்பும். "தி வெல்" பாகம், சொந்த நாவல்களுக்காகப் பிரிட்டிஷ் அறிவியல் புனைவுச் சங்க விருது பெற்ற கேரத் எல். பவலுக்குப் போனது. "ரோபோ ரெவல்யூஷன்" உனா மெக்கார்மக்குக்கு. அவர் ஸ்டார் டிரெக் நாவல்களிலும் நல்ல பெயர் எடுத்தவர். அரசியலும் குடும்பமும் மோதும் இடங்களை அருமையாக எழுதுவார். இந்தப் பெயர்களில் எதுவும் அடுத்த பட்டியலில் தெரிந்தால் தைரியமாக எடுங்கள்.

அறுபதுகளின் கதைகளுக்கு மட்டும் இந்த அளவுகோலைத் தளர்த்திக்கொள்ளலாம். "ஈவில் ஆஃப் தி டாலெக்ஸ்" ஏழு பாகக் கதை. காணக் கிடைப்பது இரண்டாம் பாகம் மட்டுமே. 2023இல் அதைப் புதிதாக நாவலாக்கியவர் ஃபிரேசர் ஹைன்ஸ், அந்தக் கதையில் டாக்டரின் தோழன் ஜேமியாக நடித்தவர். இன்று உயிரோடு இருந்து, அந்தத் தளத்தில் நின்ற ஒருவரின் நினைவு அது. நடையில் குறை இருந்தாலும் வாங்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது புதுக் கதைகளுக்கு வருவோம். இங்கேதான் நீங்கள் கேட்ட "தொடரில் சேருமா" என்ற கேள்வி வருகிறது.

1989 டிசம்பர் 6 அன்று பழைய தொடர் நின்றது. திரும்பி வரும் என்று யாருக்கும் நம்பிக்கை இல்லை. டார்கெட்டை அப்போது வைத்திருந்த விர்ஜின் நிறுவனம், நாவலாக்கக் கதைகள் தீர்ந்துகொண்டே வருவதைப் பார்த்து, புதுக் கதைகளை எழுத பிபிசியிடம் அனுமதி வாங்கியது. 1991இல் "நியூ அட்வென்ச்சர்ஸ்" வரிசை தொடங்கியது. பதிப்பாசிரியர் பீட்டர் டார்வில்-எவன்ஸ் செய்த பெரிய காரியம், முன்பு ஒரு புத்தகமும் வெளியிடாதவர்களின் கைப்பிரதிகளையும் வாங்கிப் படித்தது. ரசிகர் இதழ்களில் எழுதிக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு வாசல் திறந்தது.

அந்த வாசல் வழியாக வந்தவர்களைப் பாருங்கள். 1991இல் பால் கார்னெல். 1992இல் மார்க் கேடிஸ். இருவரும் பிறகு திரும்பி வந்த தொடருக்கும் எழுதினார்கள். 1996இல் "டேமேஜ்ட் குட்ஸ்" எழுதிய ரஸ்ஸல் டி டேவிஸ்; அப்போது தொலைக்காட்சியில் எழுதிக்கொண்டிருந்தவர்தான், ஆனாலும் டாக்டருக்காக அவர் முதலில் எழுதியது இந்த நாவல். பிற்காலத்தில் "ரிவர்ஸ் ஆஃப் லண்டன்" வரிசையால் உலகப் புகழ் பெற்ற பென் ஆரனோவிச்சும் இங்கே எழுதியவர்தான். 1996இல் வந்த சிறுகதைத் தொகுப்பு ஒன்றில் ஸ்டீவன் மொஃபட்டின் கதை இருந்தது: பிரம்மாண்டமான நூலகம், விதியை மீற மறுக்கும் நூலகர், அவர் மனதை மாற்ற அவருடைய கடந்த காலத்தையே திரும்பத் திரும்பத் திருத்தும் டாக்டர். 2008இன் நூலகக் கிரகத்தையும் 2010 கிறிஸ்துமஸ் பாகத்தையும் பார்த்தவர்களுக்கு விதை எங்கே விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் கார்னெலின் "ஹியூமன் நேச்சர்". 1995இல் வந்த நாவல். டாக்டர் தன் நினைவுகளைக் கழற்றி வைத்துவிட்டு மனிதனாகிறார். முதல் உலகப் போருக்குச் சற்று முன், ஒரு பள்ளியில் ஆசிரியராக வாழ்கிறார், ஒரு பெண்ணைக் காதலிக்கிறார். நாவலில் இருப்பவர் ஏழாம் டாக்டர். 2007இல் இதே கதையை பத்தாம் டாக்டராக நடித்த டேவிட் டெனன்டுக்காகக் கார்னெலே இரண்டு பாகமாக எழுதினார். தொடரின் மிகச் சிறந்த கதைகளில் ஒன்றாக அதை எல்லோரும் சொல்கிறார்கள். அதே ஆண்டு வந்த "பிளிங்க்" பாகமும், 2006க்கான ஆண்டு மலரில் மொஃபட் எழுதிய சிறுகதையிலிருந்து வளர்ந்தது. அடுத்த ஆண்டு அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது வாங்கியது. ஆண்டு மலர் என்றால் குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸில் வாங்கிக் கொடுக்கும் கெட்டி அட்டைப் புத்தகம். அங்கிருந்து ஹியூகோ வரை!

எனவே "சேருமா" என்ற கேள்விக்கு என் பதில்: பிபிசி எதையும் அதிகாரபூர்வ வரலாறு என்று முத்திரை குத்தித் தருவதில்லை. எழுத்தாளர்கள் தங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்கிறார்கள். 2005இல் வந்த "மான்ஸ்டர்ஸ் இன்சைட்" நாவலில் வரும் ஜஸ்டீசியா என்ற சிறைக் கிரகத் தொகுப்பை, அதே ஆண்டு "பூம் டவுன்" பாகத்தில் ரோஸ் பெயர் சொல்லிக் குறிப்பிடுவாள். பெர்னிஸ் சம்மர்ஃபீல்டையும் சொல்ல வேண்டும். 1992இல் கார்னெல் ஒரு நாவலுக்காகப் படைத்த தொல்லியலாளர் அவர். 1997இல் உரிமம் பிபிசிக்குத் திரும்பிப் போனபோது, டாக்டர் இல்லாமலே அவரை வைத்து விர்ஜின் வரிசையைத் தொடர்ந்தது. 1998இல் பிக் ஃபினிஷ் ஒலிநாடகங்களைத் தொடங்கியதும் அவரை வைத்துத்தான். டாக்டர் ஹூவுக்கான உரிமம் அவர்களுக்கு மறு ஆண்டுதான் கிடைத்தது.

ஒன்று கவனியுங்கள். திரையில் ஒரு டாக்டரின் கதை ஓடிக்கொண்டிருக்கும்போது அவரை வைத்து வரும் புது நாவல்களுக்குக் கை கட்டப்பட்டிருக்கும். ஒளிபரப்பும் வெளியீடும் ஒரே சமயத்தில் வருவதால், நாவலாசிரியர் பெரும்பாலும் முழுப் பாகங்களைப் பார்க்காமலே எழுதியிருப்பார். பாத்திரங்களின் வாழ்க்கையில் பெரிய மாற்றம் எதையும் செய்ய முடியாது. கதை தொடங்கிய இடத்திலேயே அவர்களைக் கொண்டுபோய் விட்டாக வேண்டும். படிக்க இனிமையாக இருக்கும், மனதில் தங்குவது குறைவு. முந்தைய டாக்டர்களை வைத்து எழுதும்போது அந்தக் கட்டு தளர்கிறது. ஸ்டீபன் பேக்ஸ்டர் 2012இல் இரண்டாம் டாக்டருக்கும், அலஸ்டேர் ரெனால்ட்ஸ் 2013இல் மூன்றாம் டாக்டருக்கும் எழுதினார்கள். இருவருமே அறிவியல் உண்மைகளை ஒட்டி எழுதப்படும் புனைவில் பெரிய பெயர்கள். ரெனால்ட்ஸின் "ஹார்வெஸ்ட் ஆஃப் டைம்" நாவலில் மாஸ்டர் என்ற வில்லனை எழுபதுகளில் அந்த வேடத்தில் நடித்த ரோஜர் டெல்காடோவின் குரலிலேயே கேட்க முடிகிறது. ஆகவே பட்டியலில் பழைய டாக்டரை வைத்துத் தனி நாவல் இருந்தால் அதற்கு முன்னுரிமை கொடுங்கள்.

அறிவிப்புகள் தள்ளிப்போவதும் காணாமல் போவதும் ஏன் என்றும் சிலர் கேட்கிறார்கள். ஒரு காரணம் ரகசியம். ஒளிபரப்பாகாத கதையின் நாவலாக்கத்தைப் பெயர் சொல்லாமல்தான் கடைகளில் ஏற்றுவார்கள். பாகம் வெளிவரும் வரை தலைப்பும் அட்டையும் தற்காலிகமாகவே இருக்கும். அதைப் பார்த்து ஊகங்களை நம்ப வேண்டாம். இன்னொரு காரணம் உரிமை. டாக்டர் ஹூவில் திரைக்கதை எழுதியவருக்கே அந்தக் கதையின் மீதும் அதில் அவர் உருவாக்கிய உயிரினங்களின் மீதும் உரிமை உண்டு. டாலெக்குகளில் அவற்றைப் படைத்த டெர்ரி நேஷன் தரப்புக்கும் பங்கு இருக்கிறது. டார்கெட் காலத்தில் ஏறக்குறைய எல்லாக் கதைகளும் நாவலான பிறகும் சில மட்டும் நின்றுபோனதற்கு இதுதான் காரணம். எழுபதுகளில் தொடருக்கு எழுதிய டக்ளஸ் ஆடம்ஸின் கதைகளும், எண்பதுகளில் கதைத் தொகுப்பாளராக இருந்த எரிக் சாவர்டின் இரண்டு டாலெக் கதைகளும் அப்படி நின்றவை. அன்றைக்குத் தரப்பட்ட தொகைக்கு ஆடம்ஸ் எழுதவும் இல்லை, பிறரை எழுதவிடவும் இல்லை. அவர் 2001இல் மறைந்தார். "ஷாடா" 2012இல் கேரத் ராபர்ட்ஸ் கையில் நாவலானது. "சிட்டி ஆஃப் டெத்" 2015இலும் "பைரேட் பிளானட்" 2017இலும் ஜேம்ஸ் காஸ் எழுதி வந்தன. சாவர்டின் இரண்டும் 2019இல் அவரே எழுதி வெளியாயின. 1979இல் ஒளிபரப்பான "சிட்டி ஆஃப் டெத்" நாவலாக 36 ஆண்டு காத்திருந்தது. அடுத்த மாதம் என்று போட்டது ஆறு மாதம் தள்ளினால் கவலைப்படாதீர்கள்.

வாங்குவது பற்றி: பெரியவர்களுக்கான வரிசையை பிபிசி புக்ஸ் வெளியிடுகிறது, அது பெங்குவின் ரேண்டம் ஹவுஸின் ஒரு பிரிவு. பிரிட்டிஷ் பதிப்பு முதலில் வரும். நம் ஊர்களுக்கு அச்சுப் பிரதி வந்து சேரத் தாமதமாகும், விலையும் கூடும். அவசரம் என்றால் மின்னூல் எடுக்கலாம். டார்கெட் நாவலாக்கங்களுக்கு ஒலிநூலும் கிடைக்கிறது. தொடரில் நடித்தவர்களே வாசித்தவை அவற்றில் நிறைய. அட்டை ஓவியத்துக்காக அச்சுப் பிரதி வேண்டும் என்பவர்களை நான் நன்றாகவே புரிந்துகொள்வேன். கிறிஸ் அகிலியோஸ் எழுபதுகளில் வரைந்த அட்டைகளின் அந்த அமைப்பைப் புதிய வரிசையும் காப்பாற்றி வருகிறது.

வரிசையாகப் படிக்க வேண்டுமா என்றால், தேவையே இல்லை. நாவலாக்கம் ஒவ்வொன்றும் தனித்து நிற்கும். நியூ அட்வென்ச்சர்ஸ் நாவல்களில் மட்டும் தொடர்ச்சி உண்டு. பழைய பிரதிகள் கிடைப்பதும் அரிது, விலையும் ஏறிவிட்டது. அடுத்த பட்டியல் வரும் வரை கையில் ஒன்று வேண்டும் என்றால் ஷியர்மனின் "டாலெக்" எடுங்கள். பாகத்தை முன்பே பார்த்திருந்தால் இன்னும் நல்லது. அது பிடித்துப்போனால் ஹல்க் எழுதிய "கேவ் மான்ஸ்டர்ஸ்". அதை பிபிசி புக்ஸ் 2011இல் மறுபதிப்பு செய்தது, இப்போதும் மின்னூலாகத் தேடலாம்.